ஓட்டம் முப்பது விநாடி, பயணம் முழு நாள்: நாய்ப் பந்தயத்தின் செலவுக் கணக்கு

குளிர்காலத்தில் இங்கிலாந்து நேரம் காலை பதினொரு மணிக்கு ஒரு நாய்ப் பந்தயம் தொடங்கினால் கொழும்பில் அப்போது மாலை நாலரை. கோடைகாலத்தில் மூன்றரை. வேலை முடித்து வருபவர்கள் பந்தயக் கடையான புக்கிக்குள் நுழையும் நேரம் அது. கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் வழியாக ஒருகொடவத்தை வரையிலான பகுதி, துறைமுகத்தையும் கொள்கலன் முற்றங்களையும் நம்பி வாழும், இந்தப் புக்கிகளுக்குப் போகும் உழைப்பாளர்களின் பகுதி. இலங்கையில் உள்ளூர்ப் பந்தயம் பெரும்பாலும் மறைந்துவிட்ட பிறகும் புக்கிகள் மறையவில்லை. கொழும்பு ரீட் அவெனியூவில் 1893இல் திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாகி, இன்று கடைத்தொகுதியும் றக்பி மைதானமுமாக நிற்கிறது. நுவரெலியாவில் மட்டும், முக்கியமாக ஏப்ரல் வசந்தகாலத்தில், குதிரைகள் ஓடுகின்றன. ஆண்டின் மற்ற நாட்களில் இங்கே கட்டப்படும் பணம் கடல் கடந்த ஓட்டங்களின் மீது கட்டப்படுகிறது. குதிரை ஓட்டங்களுக்கு நடுவே நாய் ஓட்டங்களும் திரையில் வருகின்றன.

திரையில் தெரிவது ஆறு நிறங்கள்: சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள், கறுப்பு வெள்ளைப் பட்டை. ஓட்டம் 480 மீற்றர் என்றால் ஏறத்தாழ இருபத்தெட்டு இருபத்தொன்பது விநாடியில் முடிந்துவிடும். அந்த நாய்கள் அங்கே எப்படி வந்தன, அவற்றை அங்கே கொண்டுவர யார் செலவழித்தார், அந்தச் செலவு எங்கிருந்து திரும்புகிறது என்பது திரையில் வராது. இந்தத் தொழிலில் பணம் யாருக்காகப் புரள்கிறது என்பதை நேராகக் காட்டும் சான்று, பரிசுத்தொகையைவிட, பயிற்சியாளருக்குக் கொடுக்கப்படும் பயணப்படி என்பது என் கருத்து. அதை விளக்க ஒரு பயிற்சியாளரின் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

பந்தயக் கிரேஹவுண்ட் நாயின் எடை பொதுவாக 26 முதல் 36 கிலோ. விடியுமுன் கூட்டைத் திறந்து வெளியே விட வேண்டும், கூட்டைக் கழுவ வேண்டும், நடத்திக் கூட்டிப்போக வேண்டும், கால்களையும் தோள்களையும் பிடித்துப் பார்த்துத் தசை நீவிவிட வேண்டும், அளந்து உணவு வைக்க வேண்டும். உணவை அளப்பதற்கு அன்பைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. பிரித்தானிய விதிப்படி, முந்தைய ஓட்டத்தின்போது இருந்த எடையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ நாய் ஓட்டத்திலிருந்து விலக்கப்படும். நீண்ட பயணத்தில் மூச்சிரைத்து நீரிழந்து களைத்துப்போன நாய் அந்த ஒரு கிலோ எல்லையை நெருங்கிவிடலாம். ஆகவே பயணம் எரிபொருள் செலவோடு முடிவதில்லை. தவறாக அமைந்தால் அன்றைய ஓட்டத்தையே பறித்துவிடும்.

திடலை அடைந்ததும் நாயின் காதுக் குறியும் உடலில் பதித்த சிப்பும் சரிபார்க்கப்படும். எடை பார்த்து, கால்நடை மருத்துவர் சோதித்து, நாயைப் பந்தயக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். தன் முறை வரும்வரை அது உள்ளேதான். ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் எடுக்கப்படலாம். ஒரே பயிற்சியாளரின் நான்கு நாய்கள் முதல் ஓட்டத்திலும் கடைசி ஓட்டத்திலுமாகச் சிதறியிருந்தால் எல்லாம் முடியும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு திரும்பும் பயணம். முப்பது விநாடி வேலைக்கு ஒரு பகல் முழுவதும், சில வேளை ஓர் இரவும் போகிறது. ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்: ட்ரிப்புக்குத்தான் காசு, முற்றத்து வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு இல்லை.

இது எத்தனை முறை நடக்கிறது? பிரித்தானியாவில் உரிமம் பெற்ற திடல்களை நிர்வகிக்கும் கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் வெளியிட்ட 2024ஆம் ஆண்டுத் தரவின்படி, அந்த ஓராண்டில் நாய்கள் ஓடிய ஓட்டங்கள் 3,55,682. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வேனில் போய்த் திரும்பிய ஒரு நாய் இருக்கிறது. அதே ஆண்டில் பதிவான காயங்கள் 3,809. நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் விகிதம்தான், கேட்கச் சிறியது. ஆனால் ஒரு நாய் தன் வாழ்நாளில் ஒரு முறையா ஓடுகிறது? பல பத்து முறை ஓடும் நாய்க்கு ஒவ்வொரு முறையும் அந்த நூற்றில் ஒன்று காத்திருக்கிறது.

வளர்ப்புச் செலவு இதற்கும் முன்பே தொடங்குகிறது. தாய் நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து ஆறேழு குட்டிகளை ஈனும். குட்டி ஓட்டத்துக்குத் தகுதிபெற ஏறக்குறைய பதினைந்து மாதமாவது ஆகும். அதுவரை வரவு ஒரு காசு இல்லை. உணவு, தடுப்பூசி, புழு மருந்து, பதிவுக் கட்டணம், ஓடித் திரிய நீண்ட வேலியிட்ட நிலம், பிறகு பொறிமுயலைத் துரத்தவும் புறப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாயவும் பழக்கும் தொடக்கப் பயிற்சி, அதன்பின் நேரம் குறிக்கும் வெள்ளோட்டங்கள். வெள்ளோட்டத்துக்கும் திடலுக்குப் போய்வர வேண்டும், அதற்கும் எரிபொருள் வேண்டும். ஈன்ற குட்டிகளில் சில மந்தமாக இருக்கும், சில துரத்தவே விரும்பாது, சில எலும்பை முறித்துக்கொள்ளும். ஆகவே ஓடும் ஒவ்வொரு நாயும் ஓடாமல்போன தன் உடன்பிறப்புகளின் செலவையும் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதன் ஓட்டம் முடிந்துவிடும். கிரேஹவுண்ட் பத்து முதல் பதினான்கு ஆண்டு வாழக்கூடிய நாய்.

பிரித்தானியாவில் நாய்க்கு ஓர் உரிமையாளர் இருப்பார். அவர் பயிற்சியாளருக்கு நாள் கணக்கில் கூட்டுக் கட்டணம் கொடுப்பார். அவுஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே பெரும் பகுதி சின்ன நாய் வளர்ப்புக் கூடங்கள். நாட்டுப்புறத்துத் தொழிலாளிகளும் ஓய்வுபெற்றவர்களும் வீட்டுப் பின்புறத்தில் சில நாய்களை வைத்துக் குடும்பத்தோடு வளர்க்கிறார்கள். தங்கள் உழைப்பைச் செலவில் எழுதும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அதை எழுதினால் பெரும்பாலான கூடங்களின் ஏடு நட்டத்தைத்தான் காட்டும்.

வரவுப் பக்கத்தில் ஒரு மின்னல் இருக்கிறது. சிட்னி வென்ட்வர்த் பார்க்கில் 2018இல் தொடங்கிய மில்லியன் டொலர் சேஸ் பந்தயத்தில் முதல் பரிசு பத்து லட்சம் அவுஸ்திரேலிய டொலர். இங்கிலாந்தின் டேர்பி பந்தயத்தில் வென்ற நாய்க்கு அண்மைய ஆண்டுகளில் 1,75,000 பவுண்ட் கிடைத்திருக்கிறது. செய்தியாவது இந்த மின்னல்தான். ஆனால் வாரநாள் பிற்பகலில் ஏதோ ஒரு மாகாணத் திடலில் ஓடும் தரவரிசைப் பந்தயத்தில் வெற்றிபெறும் நாய் கொண்டுவருவது அந்தக் கூடத்தின் சில நாள் செலவுக்கு மட்டுமே போதும். ஐந்தாவதாகவோ எட்டாவதாகவோ வரும் நாயின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் பயணப்படி வருகிறது. அவுஸ்திரேலியாவின் மாநிலப் பந்தய நிர்வாகங்கள் பலவும் தூரத்துத் திடலுக்கு நாயைக் கொண்டுவரும் பயிற்சியாளருக்கு, நாய் எந்த இடத்தில் வந்தாலும், ஓடிய நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஏற்பாடுகளை வெவ்வேறு காலங்களில் செய்திருக்கின்றன. தொகையும் தூர வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நாட்டின் பரப்பை நினைத்துப் பார்த்தால் தேவை விளங்கும். தாஸ்மானியா சிறிய தீவு. அங்கேயே ஹோபார்ட்டிலிருந்து லான்செஸ்டனுக்கு ஒரு வழி 200 கிலோமீற்றர். பக்கத்து நாடான நியூசிலாந்தின் தென்தீவில் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து இன்வேர்கார்கில் 550 கிலோமீற்றருக்கு மேல். ஒருகொடவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போவதையும்விட நெடிய வழி, நாய் ஓடப்போவது அரை நிமிடம்.

இந்தப் பணத்தை நலிந்த பயிற்சியாளருக்கான உதவி என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்ததாகும். அவுஸ்திரேலியாவில் ஒரு ஓட்டத்துக்கு எட்டுப் பெட்டிகள். முதல் மூன்று இடங்களையும் வரிசையாகச் சொல்லும் பந்தயம்போன்ற கூட்டுப் பந்தயங்களுக்கு நாய் கூடக்கூடக் கட்டும் வழிகளும் கூடும். எட்டு நாய் ஓடினால் முதல் மூன்று இடங்கள் 336 விதமாக அமையலாம். ஐந்து நாய் என்றால் வெறும் 60 விதம். மூன்று பெட்டி காலியானால் பந்தயம் கட்டுபவருக்கு ஆர்வம் குறையும், புரளும் பணமும் குறையும். தூரத்துத் திடலில் பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் விலைதான் பயணப்படி. கடைசியாக வரும் நாய்க்கும் அது கிடைப்பது அதனால்தான். அந்த நாய் வெல்லத் தேவையில்லை, பெட்டியில் நின்றால் போதும்.

நம் பக்கத்து விலங்குப் போட்டிகளோடு ஒப்பிடும்போது இது இன்னும் துலக்கமாகும். தமிழ்நாட்டில் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு மாடு கொண்டுபோகிறவர் மினிலொறிக்குத் தன் கையிலிருந்து வாடகை கொடுக்கிறார். ஊரும் பெயரும்தான் அவருக்குப் பெரிய ஆதாயம். அந்தப் போட்டிகளிலும் விலங்குக்கு வதை உண்டு, அதைப் பற்றித் தனியே வழக்காட வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே போட்டி நடப்பது களத்தில் நிற்கிறவர்களுக்காக. பார்க்க யாருமே வராத திடலுக்கு நாயைக் கொண்டுவரக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் போட்டி திடலில் இல்லாத வேறு யாருக்காகவோ நடக்கிறது.

தொடக்கத்தில் அப்படி இல்லை. பொறிமுயலைத் துரத்தும் இந்தப் பந்தயம் 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வியூவில் பிரித்தானியாவுக்கு வந்தபோது, குதிரைப் பந்தயத்துக்குப் பகலில் போக முடியாத தொழிலாளிகள் மாலையில் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய கேளிக்கையாக அது இருந்தது. கூட்டம் அலைமோதியது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் டேர்பியை வென்ற மிக் த மில்லர் என்ற நாய் நாடறிந்த நட்சத்திரமாயிற்று. நுழைவுக் கட்டணமும் திடலில் கட்டப்பட்ட பந்தயமும் செலவைத் தாங்கின. 1961இல் தெருவோரப் பந்தயக் கடைகள் அங்கே சட்டபூர்வமாயின. திடலுக்குப் போகாமலே பணம் கட்டலாம் என்று ஆனது. 1967இல் புக்கிகளே சேர்ந்து பிற்பகல் நாய்ப் பந்தயச் சேவை ஒன்றை உருவாக்கினார்கள். பனியாலோ மழையாலோ குதிரை ஓட்டம் நின்றுபோன நாளில் கடை வெறிச்சோடாமலிருக்க நாய்கள் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாள் முதல் வாடிக்கையாளர் மாறிவிட்டார். லண்டனின் வைட் சிட்டி திடல் 1984இல் மூடப்பட்டது, வோல்தம்ஸ்டோ 2008இல், விம்பிள்டன் 2017இல். ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் இருந்த உரிமத் திடல்கள் இன்று இருபதுக்கும் குறைவு. கூட்டம் போய்விட்டது. படப்பிடிப்புக் கருவி மட்டும் நிற்கிறது, அதன் வழியே செயற்கைக்கோள் ஏறி ஓட்டம் உலகெங்கும் போகிறது.

அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுபவரிடமிருந்து நாய்க்குத் திரும்பிப் போவது எவ்வளவு? பிரித்தானியாவில் குதிரைப் பந்தயத்துக்குப் புக்கிகள் செலுத்தும் பங்கு சட்டக் கட்டாயம். நாய்ப் பந்தயத்துக்கு அது விருப்பப் பங்கு. புரளும் பணத்தில் 0.6 விழுக்காடு என்பதே நடைமுறை. அவுஸ்திரேலிய மாநிலங்கள் ஓட்டப் பட்டியலைப் பயன்படுத்தும் புக்கியிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இயற்றின. நியூ சவுத் வேல்ஸ் விதித்த கட்டணத்தை அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. அயர்லாந்தில் அரசே கொடுக்கிறது: 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிதியில் குதிரைக்கு எண்பது, நாய்க்கு இருபது என்ற பங்கீட்டில், 2024இல் நாய்ப் பந்தயத்துக்குப் போனது 1 கோடியே 90 லட்சம் யூரோ. ஆக, இது தன் காலில் நிற்கும் தொழில் அல்ல.

தாங்கும் கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புளோரிடா காட்டியது. அங்கே திடல்காரர்கள் இலாபமான சீட்டாட்ட அறைகளை வைத்திருக்க வேண்டுமானால் நாய் ஓட்டங்களையும் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தது. சீட்டாட்டம் நாய்க்குச் சோறு போட்டது. 2018 நவம்பரில் நாய்ப் பந்தயத்தைத் தடைசெய்யும் அரசமைப்புத் திருத்தத்துக்கு வாக்காளர்களில் 69 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். 2020 இறுதிக்குள் அந்த மாநிலத்தின் திடல்கள் எல்லாம் அடங்கின. இப்போது ஐக்கிய அமெரிக்காவில் நாய்ப் பந்தயம் நிலைத்திருப்பது மேற்கு வேர்ஜீனியாவில், அங்கும் சூதாட்டக்கூட வருவாயின் தயவில்.

இந்தச் செலவுக் கணக்குகளில் ஒரு தலைப்பு நெடுங்காலமாக எழுதப்படவே இல்லை: ஓட்டம் முடிந்த நாய். நியூ சவுத் வேல்ஸில் முன்னாள் நீதியரசர் மைக்கல் மக்ஹியூ தலைமையிலான விசாரணை ஆணையம் 2016இல் சொன்ன எண்ணை நான் பல முறை வாசித்தும் பழகிப்போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில், ஓட்டத்துக்கு உதவாது என்பதற்காகவோ இனி உதவாது என்பதற்காகவோ மட்டுமே கொல்லப்பட்ட நாய்கள் 48,000 முதல் 68,000 வரை இருக்கலாம், பந்தயத்துக்கென ஈன்ற நாய்களில் குறைந்தது பாதி, என்றது அறிக்கை. மாநில அரசு தடையை அறிவித்தது. மூன்று மாதத்தில் நாட்டுப்புறத்து எதிர்ப்புக்குப் பணிந்து திரும்பப் பெற்றது. அயர்லாந்தில் நேர அளவை எட்டாத காரணத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 நாய்கள் கொல்லப்படுகின்றன என்ற மதிப்பீட்டை 2019இல் அந்நாட்டு வானொலி தொலைக்காட்சி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. பயிற்சியாளர்கள் எல்லாரையும் கொடியவர்கள் என்று எழுதுவது எளிது, நியாயமில்லை. இவர்களில் பலர் நாயோடு உறங்கி எழுபவர்கள். ஆனால் வரவு ஓடும் நாளுக்கு மட்டும் என்று வகுத்துவிட்டு, ஓடாத ஏழெட்டு ஆண்டின் சோற்றை அவர்களுடைய மனசாட்சியிடம் விட்டுவிட்டது இந்த ஏற்பாடு. பிரித்தானியாவில் 2020இல்தான் ஒவ்வொரு நாயும் பதிவாகும்போதே 400 பவுண்ட் ஒதுக்கும் முறை வந்தது. பாதி உரிமையாளர், பாதி வாரியம். ஓய்வுக்குப் பின் வீடு தேடித் தரும் தொண்டு அமைப்புக்கு அது போகும். நல்ல தொடக்கம். ஒரு நாயின் மிச்ச ஆயுளுக்கு அது எத்தனை மாதம் காணும் என்று நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆசியாவில் நமக்கு நெருக்கமான பாடம் மக்காவ். அங்கே கனிட்ரோம் திடலுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் விமானத்தில் வந்தன. போன நாய் திரும்பியதில்லை. 2015இல் இந்த வழிமுறை ஊடகத்தில் வெளியானதும் குவாண்டாஸ் நிறுவனம் பந்தய நாய்களை ஆசியாவுக்கு ஏற்றிச்செல்வதை நிறுத்தியது. 2018 ஜூலையில் திடல் மூடியபோது உள்ளே ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தன. பல நாட்டுத் தொண்டு அமைப்புகள் சேர்ந்து, நன்கொடை திரட்டி, அவற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளுக்கு அனுப்பின. திடலுக்குப் போகும் பயணத்துக்குத் தொழில் செலவழித்தது, திடலிலிருந்து வீட்டுக்குப் போகும் பயணத்துக்கு அறியாத மனிதர்கள் உண்டியல் குலுக்கினார்கள்.

அடுத்த முறை அப்படி ஆகக்கூடாது என்ற எண்ணம் நியூசிலாந்தின் முடிவில் தெரிகிறது. 2024 டிசம்பரில் அந்த அரசு நாய்ப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தபோது 2026 ஜூலை இறுதிவரை கெடு வைத்தது. ஏறத்தாழ 2,900 நாய்களுக்கு வீடு தேட இருபது மாதம் வேண்டும் என்பது காரணம். 2025 பெப்ரவரியில் வேல்ஸ் அரசு தடைசெய்யும் முடிவைச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாஸ்மானியா, பொதுப்பணம் 2029உடன் நிற்கும் என்றது. தாஸ்மானியாவில் வாதம் வதையைப் பற்றியது மட்டுமல்ல, யார் பணம் என்பதைப் பற்றியதும்கூட.

இலங்கை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் புக்கிகளை இரண்டாகப் பிரிக்கிறது. நேரடி ஒளிபரப்பு வசதி உள்ள புக்கிக்கு ஆண்டு அறவீடு, இல்லாத புக்கியைவிடப் பல மடங்கு. விற்பனைப் பொருள் படம்தான் என்பதை நம் சட்டம் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. மொத்த வசூலின் மீதான அறவீடு 2025இல் 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. அது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழியாக அரசின் பொது வருவாயில் சேர்கிறது. ஒருகொடவத்தையில் ஒரு நாய்மீது கட்டிய நூறு ரூபாயில் அரசுக்குப் பங்கு உண்டு, புக்கிக்கு உண்டு, படம் அனுப்பும் நிறுவனத்துக்கு அதன் ஒப்பந்தப்படி உண்டு. ஓடிய நாயின் ஓய்வுக்கு என்று இந்த நாட்டுச் சட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை.

2025இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம், குடியேற்றக் காலக் குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டத்துக்கும் சூதாட்டக் கட்டளைச் சட்டத்துக்கும் பதிலாக ஒரே அதிகாரசபையை அமைக்கிறது. அதைப் பற்றிய நம் பேச்சு வரி ஏய்ப்பையும் பணச் சலவையையும் சூதாட்ட அடிமைத்தனத்தையும் சுற்றியே இருந்தது. அவை பேச வேண்டியவையே. உரிம நிபந்தனைகளில் இன்னொன்றும் சேரலாம்: காயம், மரணம், ஓய்வுபெற்ற ஒவ்வொரு நாயும் எங்கே போனது என்ற விவரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடும் நிர்வாகத்தின் ஓட்டங்களுக்கு மட்டுமே இங்கே பந்தயம் ஏற்கலாம் என்பது. பிரித்தானிய வாரியம் 2018ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து இத்தகைய தொகுப்பை வெளியிட்டு வருகிறது. ஆகவே இது செய்ய முடியாத கோரிக்கையல்ல. வெளியிடாத திடலின் படத்தை இறக்கிவிட்டால் அந்தப் பிற்பகலில் கொழும்புக்கு வேறு ஓட்டங்கள் இருக்கின்றன. நேரடி ஒளிபரப்புள்ள புக்கியிடமிருந்து வாங்கும் அதிகப்படி அறவீட்டில் ஒரு சிறு பங்கைக் கொழும்புத் தெரு நாய்களின் கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஒதுக்க முடியுமா என்பதையும் அதிகாரசபை ஆராயலாம். தூர நாட்டு நாயின் ஓட்டத்தில் வரி வாங்கும் அரசுக்குத் தன் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்க்கவும் கடமை உண்டு.